பதினாலாம் கட்டில்காரருக்கு ஒரு ஊசி

இளம் டாக்டர்களே, வார்டில் உங்களைப் பார்த்தால் எனக்கு முதலில் தெரிவது உங்கள் உச்சந்தலைதான். போன மாதம் என் அக்கா நிமோனியாவில் படுத்திருந்தபோது தினமும் காலையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரவுண்ட்ஸ் வரும். முன்னால் நிபுணர், பின்னால் புதிதாகச் சேர்ந்த ஹவுஸ்மேன் பிள்ளைகள், அதாவது பயிற்சி டாக்டர்கள், கையில் ஆளுக்கொரு டேப் கணினி. கட்டிலுக்குக் கட்டில் கூட்டம் நகரும், ஒரு தலைகூட நிமிராது. "இவங்கெல்லாம் என்னைப் பாக்க வந்தாங்களா, இல்ல படம் பாக்குறாங்களா?" என்று அக்கா கேட்டாள். உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. "உன்னோட ரத்த ரிப்போர்ட்டத்தான் பாக்குறாங்க, சும்மா இரு" என்று சொல்லி வைத்தேன்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் காலையில் போன் அடித்தால் இன்னமும் பதறி எழுந்துவிடுகிறேன். எந்தக் கட்டில், என்ன ஆச்சு என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. எடுத்துப் பார்த்தால் இன்ஷூரன்ஸ் விற்கும் பெண்ணாக இருப்பாள். பாவம், என் குரலைக் கேட்டு அவள்தான் பயந்துபோவாள். ஜார்ஜ்டவுனில் இத்தனை வருஷம் மருத்துவ நிபுணராக வேலை பார்த்ததற்கு எனக்குக் கிடைத்த சொத்தில் இந்தப் பயமும் ஒன்று. இதை உங்களுக்கும் கொஞ்சம் பங்கு பிரித்துக் கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். டேப் வேண்டாம், காகிதம்தான் நல்லது என்று புலம்புகிற ஆள் நானில்லை. காகிதக் காலத்தில் எக்ஸ்ரே படத்தைத் தேடியே பாதி ரவுண்ட்ஸ் போய்விடும். என் சக நிபுணர் ஒருவரின் கையெழுத்தை மருந்தகத்தில் ஒரே ஒருவரால்தான் படிக்க முடியும், அவர் லீவு போட்டால் வார்டே தவிக்கும். இன்று கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே நேற்றைய ரத்தப் பரிசோதனையையும் போன வருஷத்து ஸ்கேனையும் பார்க்கிறீர்கள். எங்களுக்கு வாய்க்காதது உங்களுக்கு வாய்த்திருக்கிறது, நல்லா இருங்கள்.

என் சண்டை வேறு. நோயாளியைக் கட்டில் எண்ணால் கூப்பிடுகிறீர்களே, அதோடுதான். "மூணுக்கு ரத்தம் எடுத்தாச்சு பாஸ்." "பதினாலு இன்னைக்கி வீட்டுக்குப் போகுது." பதினாலு எப்படி வீட்டுக்குப் போகும்? கட்டிலை நாலு பேர் தூக்கினால்தான் வாசலைத் தாண்டும். இதைச் சொல்லி நான் எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறேன். எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த கட்டிலுக்குப் போனதும் மறுபடி எண்தான்.

டேப் வந்த பிறகு இது இன்னும் கூடிப்போனது. ஏனென்றால் டேப்பில் நோயாளிகளின் பட்டியல் கட்டில் வரிசையில்தான் வருகிறது. எண்ணைத் தட்டினால் ஆள் திறக்கிறார். பெயர் மேலே சின்ன எழுத்தில் இருக்கும், விரல் தேடுவது எண்ணைத்தான்.

கட்டில் ஓரிடத்தில் நிற்கும், ஆள் நிற்கமாட்டார். இது நீங்கள் வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டிருப்பீர்கள். யாருக்காவது உடம்பு மோசமானால் நர்ஸ்கள் உடனே அவரை முன்வரிசைக்கு, கவுண்டருக்குப் பக்கத்தில், கண் பார்வையில் கொண்டுவந்து விடுவார்கள். முன்வரிசையில் கொஞ்சம் தேறியவர் பின்னால் போவார். நல்ல பழக்கம்தான், அதனால் உயிர் பிழைத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் இடம் மாறுகிற இருவரில் ஒருவர் எப்போதுமே உடம்பு மோசமான ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது. யாரை மாற்றிப் பார்த்தால் ஆபத்தோ அவரைத்தான் நாம் மாற்றி வைக்கிறோம்.

அப்படி ஒரு காலையில் நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

சவரிமுத்து புக்கிட் மெர்தாஜாம்காரர். பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலிக்கு யாரோ கொடுத்த மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, வயிற்றில் புண்ணாகி, ரத்தம் கசிந்து எங்களிடம் வந்திருந்தார். முந்தின நாள்தான் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணுக்குக் கிளிப் போட்டிருந்தார்கள். பதினாலாம் கட்டிலில் இருந்தார். விடியும்போது தலை சுற்றுகிறது என்றார். நாடி கொஞ்சம் வேகமாக இருந்தது. நர்ஸ்கள் யோசிக்காமல் அவரை மூன்றாம் கட்டிலுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றில் இருந்த ஹலிம் என்ற மலாய்க்காரர் பதினாலுக்குப் போனார். ஹலிமுக்குக் காலில் ரத்தக் கட்டி. ரத்தம் உறையாமல் இருக்க அவருக்கு வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

அந்த ஊசி ஹலிமுக்கு உயிர் காக்கும். வயிற்றில் புண் வைத்திருக்கிற சவரிமுத்துவுக்குப் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நர்ஸ் கட்டில் மாற்றத்தைக் கவுண்டர் கணினியில் உடனே பதிந்துவிட்டார், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்த டேப்புகளில் ஒரு குணம் உண்டு. நீங்கள் உள்ளே நுழையும்போது இருந்த பட்டியலை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். விரலால் கீழே இழுத்துப் புதுப்பித்தால்தான் மாறும். ஷர்மினி என்ற ஹவுஸ்மேன் அன்றைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்தவள். ஆள் மாறுவதற்கு முன்பே டேப்பைத் திறந்துவிட்டாள். தாமதமாக வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஷர்மினி சுங்கை பாக்காப்பில் பிறந்து வளர்ந்த பெண். அப்பா லாரி ஓட்டுகிறவர். வீட்டில் முதல் டாக்டர். எதையும் இரண்டு தடவை எழுதி வைப்பாள், யாராவது கொஞ்சம் குரல் உயர்த்தினால் காது மடல் சிவந்துவிடும். அவள் கவனித்தது நடுவரிசை நோயாளிகளை மட்டும்தான், சவரிமுத்துவும் ஹலிமும் அவள் பொறுப்பில் இல்லை.

ரவுண்ட்ஸ் தொடங்கியது. முன்வரிசையில் நான் சொல்வதை டேப்பில் பதிந்தவன் தினேஷ் என்ற இன்னொரு ஹவுஸ்மேன். மூன்றாம் கட்டிலில் சவரிமுத்துவைப் பார்த்தோம். வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். ரத்த அளவை மறுபடி பார்க்கச் சொன்னேன். ஷர்மினி கூட்டத்தோடு அங்கேதான் நின்றாள், ஆனால் அடுத்து வரப்போகிற தன் நோயாளிகளின் விவரத்தை டேப்பில் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நான் ஏதாவது கேட்டு அவளுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாதாம். என்மேல் இருந்த பயம்தான் அவளைச் சவரிமுத்துவின் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

பாதியில் தினேஷை ரத்தம் எடுக்க அனுப்பினேன். மீதிக் கட்டில்களுக்குப் பதிவது ஷர்மினியின் வேலையானது.

பதினாலாம் கட்டிலில் ஹலிமின் கால் இன்னும் வீங்கியிருந்தது. கட்டில் மாற்றுகிற அமளியில் காலை ஊசி தள்ளிப்போயிருந்தது. எடைக்கு ஏற்ற அளவைச் சொல்லி, இப்போதே போடுங்கள் என்றேன். ஷர்மினி பதினாலைத் தட்டினாள். அவள் டேப்பில் பதினாலு இன்னும் சவரிமுத்துதான். எச்சரிக்கைப் பெட்டி ஒன்று திரையில் வந்ததாம், பிறகு சொன்னாள். சாதாரணக் காய்ச்சல் மாத்திரை எழுதினாலும் ஒரு எச்சரிக்கை வரும் அந்தச் சாதனத்தில். தட்டித் தள்ளிவிட்டுப் போகத்தான் எல்லோருடைய விரலும் பழகியிருந்தது. நீங்களும் இன்று காலையில் எத்தனை பெட்டிகளைப் படிக்காமல் தள்ளினீர்கள் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், என்னிடம் சொல்ல வேண்டாம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னமும் உலுக்குகிறது. நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு சவரிமுத்துவிடம் போனார். பெயரைக் கேட்டார், சரி. அடையாள அட்டை எண், சரி. மணிக்கட்டுப் பட்டை, சரி. டாக்டர் எழுதியது அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒரு பூட்டுகூடத் தடுக்கவில்லை, ஏனென்றால் தப்பான மருந்து சரியான ஆளின் கணக்கில் முறையாக உட்கார்ந்திருந்தது. நர்ஸ் போட்டுவிட்டார்.

எங்கள் ரவுண்ட்ஸ் முடிந்தது, நான் கிளினிக்குக்குப் போய்விட்டேன். ஷர்மினி மூன்றாம் கட்டிலைக் கடந்து போகும்போது சவரிமுத்து கூப்பிட்டிருக்கிறார்.

"எம்மா, வயித்துல ஒரு ஊசி போட்டாங்களே, அது எதுக்கு?"

"சிஸ்டத்துல இருக்கும் அங்கிள். சரியாத்தான் இருக்கும்."

"சரிம்மா. நர்ஸ் மிஸிகிட்ட கேட்டேன், டாக்டர் சொன்னதுன்னாங்க. நேத்து இல்லையேன்னு கேட்டேன், வேற ஒன்னுமில்ல."

அவள் நாலு எட்டு நடந்துவிட்டாள். பிறகு நின்றாள். வயிற்றில் போடுகிற ஊசி வேறு என்ன இருக்க முடியும்? இன்சுலினா? ரவுண்ட்ஸில் காதில் விழுந்தவரை இவருக்குச் சர்க்கரை இல்லையே. திரும்பி வந்து கட்டில் தலைமாட்டில் எழுதியிருந்த பெயரைப் படித்தாள். டேப்பை இழுத்துப் புதுப்பித்தாள். பட்டியல் அவள் கண் முன்னால் இடம் மாறியது. பதினாலில் இருந்த பெயர் மூன்றுக்கு ஏறியது, அந்தப் பெயருக்குக் கீழே அவள் எழுதிய ஊசி, போட்டாயிற்று என்ற குறியோடு இருந்தது.

கை கால் ஓடவில்லை என்று சொல்வோமே, அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது என்று பிறகு சொன்னாள். ஓடிப்போய்த் தினேஷிடம் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. இப்போது நல்ல டாக்டராக இருக்கிறான், என்னைப் பார்த்தால் காலில் விழாத குறையாகத் தேநீர் வாங்கித் தருவான். அன்று அவன் சொன்னது இதுதான்:

"கேன்சல் பண்ணிடு லா. ஒரு டோஸ்தான? ஒன்னும் ஆகாது. பக்கத்துலயே நின்னு பார்த்துக்குவோம். பாஸ்கிட்ட போனா ஒனக்கு எக்ஸ்டெண்ட்தான்."

பயிற்சிக் காலத்தை நீட்டிவிடுவதுதான் எக்ஸ்டெண்ட். உங்களுக்கு இதைவிடப் பெரிய பூச்சாண்டி கிடையாது என்று எனக்குத் தெரியும். கூடப் படித்தவர்கள் முன்னேறிப் போவார்கள், நீங்கள் மட்டும் அதே வார்டில் அதே ரத்தம் எடுக்கும் குழாய்களோடு நிற்பீர்கள். ஊரில் அம்மா எல்லோரிடமும் சொல்லி வைத்திருப்பாள், அவளுக்கு என்ன பதில் சொல்வது? ஷர்மினிக்கு அதெல்லாம் மனசில் ஓடியிருக்கிறது.

தினேஷ் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் அதில் இருந்தது. சவரிமுத்து ஏற்கெனவே ரத்தம் கசிந்து வந்தவர். மறுபடி கசிந்தால் யாரும் ஊசியைத் தேடமாட்டார்கள். பழைய புண்தான் பழியைச் சுமக்கும். கிளிப் கழன்றுவிட்டது என்று எழுதுவோம், குடும்பத்துக்கும் அதையே சொல்வோம், எல்லோரும் நம்புவார்கள். நானும் நம்பியிருப்பேன். ஷர்மினிக்கு இது தெரிந்தது, அதனால்தான் அவள் அங்கே நிற்கவில்லை.

கிளினிக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு நின்றாள். உள்ளே நோயாளி இருந்தார். நான் திட்ட வாயெடுத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் நோயாளியை வெளியே உட்காரச் சொன்னேன்.

"பாஸ், மூணு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். "சவரிமுத்து அங்கிளுக்கு நான் தப்பா ஆர்டர் போட்டுட்டேன். ஹலிமுக்குப் போட வேண்டிய ஊசி. போட்டுட்டாங்க."

அந்த நேரத்தில் என் வாயில் வந்தவற்றை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. ஆனால் ஒன்றையும் வெளியே விடவில்லை. நான் நல்லவள் என்பதால் இல்லை. அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள் அப்போது எனக்கு வேண்டியிருந்தன. திட்டினால் அழுவாள், அழுதால் அதெல்லாம் கிடைக்காது. நீங்களும் ஒரு நாள் இந்த நாற்காலியில் உட்காருவீர்கள். அன்றைக்கு உங்கள் கோபத்தைக் கொஞ்ச நேரம் எங்காவது தள்ளி வையுங்கள், அது ஓடிப்போகாது.

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

"பார்த்துட்டுத்தான் வந்தேன் பாஸ். நாடி காலையில இருந்த மாதிரிதான் இருக்கு. வயிறு வலிக்கலன்னாரு."

"ஹலிமுக்கு ஊசி போட்டாச்சா?"

அதை அவள் நினைக்கவே இல்லை. ஒருவருக்குத் தவறிப் போன மருந்து இன்னொருவருக்குப் போகாமல் நிற்கிறது என்பது பதற்றத்தில் யாருக்கும் தோன்றாது. அந்தக் கட்டி காலிலிருந்து கிளம்பி நுரையீரலுக்குப் போனால் நம் கதை இன்னும் மோசம். அங்கிருந்தே வார்டுக்குப் போன் செய்தேன். நர்ஸ் மலாயில் ஏதோ கேட்கத் தொடங்கினார், முதலில் போடுங்கள், பிறகு பேசுவோம் என்றேன்.

நடந்துகொண்டே மற்ற ஏற்பாடுகளைச் சொன்னேன். ரத்த வங்கியில் ரத்தம் தயாராக இருக்க வேண்டும். குழாய் விட்டுப் பார்க்கும் குழுவுக்குத் தகவல் போக வேண்டும். ஊசியை முறிக்கிற மருந்து கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த முறிப்பு மருந்து ஒரு வினோதமான சாமான். இந்த வகை ஊசியை அது முழுக்க முறிக்காது, ஓரளவுதான். மீனிலிருந்து எடுப்பது, மீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு உயிருக்கே உலை வைக்கலாம். ரத்தம் கசியாதவருக்கு அதைப் போட்டு வீணாக ஒரு ஆபத்தை வரவழைக்கவும் மனசில்லை, கசியும்வரை காத்திருக்கவும் துணிச்சல் இல்லை. புத்தகம் இந்த இடத்தில் மெதுவாக நழுவிவிடும். நோயாளியைப் பார்த்து முடிவு செய்யவும் என்று போட்டிருப்பார்கள். அப்படியானால் அவர் பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும்.

"அலர்ஜி ஒன்னும் இல்லன்னு டேப்ல இருக்கு பாஸ்," என்றாள் ஷர்மினி.

"அதை யார் கேட்டு எழுதினது?"

யாருக்கும் தெரியாது. பழைய பதிவிலிருந்து அப்படியே வந்திருக்கும். நீயே போய்க் கேள் என்றேன். அவள் டேப்பைக் கவுண்டரில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் குனிந்தாள்.

"அங்கிள், மீன் சாப்பிட்டா ஒங்களுக்கு ஏதாச்சும் ஆகுமா? அரிப்பு, மூச்சு முட்டல் மாதிரி?"

"மீனா?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மீன் சாப்பிடலன்னாத்தாம்மா எனக்கு ஏதாச்சும் ஆகும். ஏன், மத்தியானம் தரப்போறீங்களா?"

எனக்கே சிரிப்பு வந்தது. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். உங்களுக்குப் போட வேண்டாத ஊசி ஒன்று போட்டுவிட்டோம், ரத்தம் கசியலாம், பக்கத்திலேயே இருக்கிறோம், எதுவாயிருந்தாலும் உடனே சொல்லுங்கள். அவர் ஷர்மினியைப் பார்த்தார். அவள் காது மடல் சிவந்திருந்தது. "என் வீட்டுக்காரி சாயந்தரம் வருவா, அவகிட்ட கொஞ்சம் மெதுவா சொல்லுங்க" என்றார்.

பிறகு காத்திருந்தோம். இந்த வேலையில் இதைவிடக் கொடுமை வேறில்லை. ஏதாவது செய்துகொண்டிருந்தால் பயம் தெரியாது, ஒன்றும் செய்யாமல் ஒரு மனிதரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் உயிரை வாங்கும். ஷர்மினி அவர் நாடியை விடவே இல்லை. கிளினிக்கில் எனக்காக ஆட்கள் காத்திருந்தார்கள், இன்னொருவரைப் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டு வண்டி வந்துபோன பிறகு, "பாஸ், வேகமா ஆவுது" என்றாள். சுவரில் இருந்த நாடிக் கருவி இன்னும் பழைய எண்ணைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. நான் மறு கையைப் பிடித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. உள்ளங்கை ஜில்லென்றிருந்தது.

"வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றார் சவரிமுத்து. அவ்வளவுதான். குபுகுபுவென்று ரத்தமாகவே வாந்தி எடுத்தார்.

மற்றதை நான் விவரிக்கப்போவதில்லை, அதெல்லாம் உங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். முறிப்பு மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, மெதுவாக ஏற்றினோம். ரத்தம் கீழே தயாராக இருந்தது. குழாய்க் குழு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்ததால் உடனே எடுத்துக்கொண்டது. லிஃப்டுக்குள் கட்டிலோடு போகும்போது அவர் கண் மேலே செருகியது. ஷர்மினி அவர் காதருகே குனிந்து, "சவரிமுத்து அங்கிள், சவரிமுத்து அங்கிள்" என்று விடாமல் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இன்னொரு கிளிப் போட்டார்கள். நின்றது.

நான் வெளியில் தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். சுவரில் சாய்ந்துகொண்டேன். எல்லாம் முன்னேற்பாடாக இருந்தும் அவர் நூலிழையில்தான் தப்பினார். தினேஷ் சொன்னபடி கேட்டிருந்தால், ரத்த வங்கிக்கு ஓடி, முறிப்பு மருந்து எங்கே என்று தேடி, எதற்காகக் கசிகிறது என்றே தெரியாமல் நாங்கள் நின்றிருப்போம். அந்த நேரம் அவரிடம் இருந்திருக்காது. திட்டு வாங்குவதை ஒத்திப் போடலாம், அந்த அவகாசத்தை நோயாளியின் உடம்பிலிருந்துதான் எடுக்கிறோம். இந்தக் கட்டுரையில் ஒரு வரியைத்தான் நினைவில் வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடிப்பவர்கள் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டெண்ட் ஆனாளா என்று கேட்பீர்கள், அதுதானே உங்கள் கவலை. ஆனாள். விசாரணை நடந்தது, நான் நடந்ததைச் சொன்னேன், அவளாகவே வந்து சொன்னதையும் அழுத்திச் சொன்னேன். குழு காலத்தை நீட்டியது. எனக்கு அதில் வருத்தம்தான், இன்றும் அது நியாயம் என்று நினைக்கவில்லை. ஷர்மினிதான் என்னைத் தேற்றினாள். "பயந்ததுதான் நடந்துச்சு பாஸ். ஆனா நடந்தப்போ அவ்வளவு பயமா இல்ல" என்றாள். டேப்பில் பட்டியல் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி பிறகு மாற்றினார்கள். அதை நம்பி நீங்கள் பெயரைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்.

அன்று சாயங்காலத்துக்குத் திரும்புகிறேன். சவரிமுத்துவின் மனைவி தீவுக்கு வரும் பாலத்து நெரிசலில் பஸ்ஸில் சிக்கித் தாமதமாக வந்து சேர்ந்தார். கையில் சூப் போட்டு வந்த பிளாஸ்க். மூன்றாம் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். நான் ஓடிப்போய், இருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று முதலில் சொன்னேன். பிறகுதான் மற்றதெல்லாம். அறைக்குள் உட்கார வைத்தேன்.

நானே சொல்லிவிடலாம் என்று இருந்தேன். ஷர்மினி, "நான் சொல்றேன் பாஸ்" என்றாள்.

சொன்னாள். வார்த்தையைத் தேடாமல், எதையும் மெழுகாமல் சொன்னாள். கட்டில் மாறியது, டேப்பில் பழைய பட்டியல் இருந்தது, பெயரைப் பார்க்காமல் எண்ணைத் தட்டியது நான்தான் ஆன்டி, அதனால்தான் அங்கிளுக்கு மறுபடி ரத்தம் போச்சு. மன்னிச்சிடுங்க என்றாள். ஆன்டி பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

"நீ சொல்லலன்னா இது எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று ஷர்மினியைக் கேட்டார்.

"தெரிஞ்சிருக்காது ஆன்டி."

"இவர் போயிருந்தா?"

நான்தான் சொன்னேன். "அப்பவும் தெரிஞ்சிருக்காது."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "புகார் கொடுப்பேன் டாக்டர்" என்றார். கொடுங்கள், அது உங்கள் உரிமை, எப்படிக் கொடுப்பது என்று நானே சொல்கிறேன் என்றேன். தலையாட்டினார். பிறகு, "நாளைக்குக் காலையில இவரைப் பாக்க யாரு வருவாங்க?" என்று கேட்டார்.

"வேற டாக்டரைப் போட்டுடுறேன்மா. இந்தப் பொண்ணு இனிமே அவர் பக்கமே வராது. நீங்க கவலைப்படாதீங்க."

"இல்ல. இந்தப் பிள்ளையே வரட்டும்."

எனக்குப் புரியவில்லை. ஏன் என்று கேட்டேன்.

அவர் எழுந்து பிளாஸ்கைக் கையில் எடுத்துக்கொண்டார். ஷர்மினியின் பக்கம் திரும்பவில்லை, என்னிடம்தான் சொன்னார்.

"இது நல்லா பயந்திருக்கு டாக்டர். நாளைக்கு இது ரெண்டு தடவ பாக்கும்."